கோழிக்கழுத்து

என் வேலை என்னவென்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரிய வைப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று அரசாங்கத்திடம் விண்ணப்பம் போடுவார். அது நிஜமாகவே புதிதுதானா, இல்லை உலகத்தில் வேறு யாராவது ஏற்கெனவே செய்து காட்டிவிட்டார்களா என்று தேடிப் பார்க்க வேண்டும். சென்னையில் காப்புரிமை ஆய்வாளராக இருக்கிறேன். ஒருமுறை அரூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒரு பெரியவர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப, அடுத்தவன் பொழப்புல நொட்டை சொல்றதுக்குச் சம்பளமுங்களா?" என்றார். அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பெல்லாம் இப்போது போன இடம் தெரியவில்லை.

எனக்கு ஒரே ஒரு அக்கா. நான் பள்ளியில் படிக்கும்போதே அம்மா போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு போட்டதும், மார்க் குறைந்தால் முதுகில் போட்டதும் அக்காதான். அரூரில் ஸ்டுடியோ வைத்திருந்தவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்று சுற்றுவட்டாரத்தில் எது நடந்தாலும் மாமாவின் கேமரா அங்கே நிற்கும். அவர்களுக்கு ஒரே பெண். அவள் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே அக்கா எனக்கு உத்தரவு போட்டாள்: "இவ கல்யாணத்துக்குப் பட்டம் நீதான்டா கட்டோணும். இப்பவே சொல்லிப்புட்டேன். அமெரிக்கா கிமெரிக்கான்னு ஓடிப் போயிடாத."

பட்டம் என்பது மணமேடையில் பெண்ணின் நெற்றியில் தாய்மாமன் கட்டுகிற தங்கப் பட்டை. அதைக் கட்டுகிறவனைத்தான் அந்தப் பெண்ணுக்கு மாமன் என்று ஊர் ஒத்துக்கொள்ளும். நான் அமெரிக்காவுக்கு ஓடவில்லை. சென்னையோடு நின்றுவிட்டேன். பாப்பா வளர வளர, எப்போது ஊருக்குப் போனாலும் "மாமா, என் பட்டம் எங்க?" என்று கையை நீட்டுவாள். நகைக்கடை இன்னும் திறக்கவில்லை என்று சொல்லி ஏமாற்றுவேன்.

ஆபீசில் எனக்கு வருவதெல்லாம் கேமரா சம்பந்தப்பட்டவை. அதிலும் கேமரா தானாகவே ஃபோகஸ் பிடிக்கிற சமாச்சாரம். அதில் பேஸ் டிடெக்‌ஷன் என்று ஒரு முறை உண்டு. முகத்தைத் தேடுகிற ஃபேஸ் இல்லை, இது வேறு. லென்சின் இடது பாதி வழியாக வருகிற வெளிச்சத்தையும் வலது பாதி வழியாக வருவதையும் கேமரா தனித்தனியாக வாங்கி ஒப்பிட்டுப் பார்க்கும். இரண்டு படமும் பொருந்தினால் தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். விலகியிருந்தால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகல் என்பதை வைத்தே லென்சை முன்னால் தள்ளுவதா பின்னால் இழுப்பதா என்று உடனே முடிவு செய்துவிடும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் பல கேமராக்களுக்கு அதில் ஒரு குருட்டுத்தனம் இருக்கிறது. நட்டுக்குத்தலாக நிற்கிற கோடு ஏதாவது கண்ணில் பட வேண்டும். வெறும் படுக்கைக் கோடுகளாக இருந்தால் இடவல விலகல் தெரியாது. லென்ஸ் முன்னும் பின்னும் அலைந்து திருதிருவென்று முழிக்கும்.

எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் படுக்கைக் கோட்டுக்கா பஞ்சம்? மேடைப் படி, மடியில் விரிந்து கிடக்கும் பட்டுக்கரை, பின்னால் கட்டிய திரை. போட்டோக்காரர்கள் எல்லாருக்கும் இதற்கு ஒரு கைவழி தெரியும். கேமராவைக் கொஞ்சம் சாய்த்து ஃபோகஸ் பிடித்துக்கொண்டு நிமிர்த்திவிடுவார்கள். மாமாவின் கஷ்டம் வேறு. மேடை ஓரத்தில் ஸ்டாண்டில் ஒரு கேமராவைத் தனியாக நிறுத்திவிட்டு, இன்னொன்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போகிறவர் அவர். தனியாக நிற்கிற கேமராவைச் சாய்த்துவிட ஆள் வேண்டாமா? அதற்காக ஒரு கழுத்து செய்தார். ஸ்டாண்டுக்கும் கேமராவுக்கும் நடுவில் சின்ன மோட்டார், ஒரு சர்க்யூட் பலகை. ஃபோகஸ் கிடைக்காமல் கேமரா திணறும்போது அந்தக் கழுத்து தானாகச் சாயும், பிடித்ததும் நிமிரும். கழுத்து சாயும்போது வீடியோ வெட்டி வெட்டி ஆடாமல் இருக்க, படத்தை நேராக்கிக் கொடுக்கவும் ஒரு வழி செய்திருந்தார். அதற்குக் கோழிக்கழுத்து என்று பெயரும் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் மாமா என்னிடம் சொல்லவே இல்லை. எனக்கு முதலில் தெரிய வந்தது ஸ்டுடியோ சேனலில் போட்ட வீடியோவில்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி வாங்கினாலும் சரி, மோட்டார் பம்பு மாட்டினாலும் சரி, முதலில் தீர்த்தமலைக்குக் கொண்டுபோய் சாமிக்குக் காட்ட வேண்டும். அப்புறம் நம்ம சனம் நாலு பேருக்குக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் வேலைக்கு எடுக்கலாம். காட்டாமல் ஆரம்பித்தால் மறைத்துச் செய்கிறான், என்னமோ கள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். மாமாவும் கோழிக்கழுத்துக்குப் பொட்டு வைத்து, பூச்சுற்றி, மலைக்குக் கொண்டுபோயிருந்தார். அதோடு விடவில்லை. மலைப் படிக்கட்டிலேயே ஸ்டாண்டை நிறுத்தி, அந்தப் படிகளையே கேமராவுக்குக் காட்டினார். எல்லாம் படுக்கைக் கோடு. கேமரா முழித்தது. கழுத்து சாய்ந்தது. படி பளிச்சென்று வந்தது.

வீடியோவில் மாமா நெற்றி நிறைய விபூதியோடு, "கோழி எதையாவது உத்துப் பாக்கணும்னா என்னங்க பண்ணும்? தலையச் சாய்ச்சுப் பாக்கும். அவ்வளவுதானுங்க சங்கதி!" என்று சொல்லிவிட்டு மூடியைக் கழற்றி, இந்த ஒயர் இங்கே வருகிறது, அந்த மோட்டார் இதைக் கேட்டுத் திரும்புகிறது என்று ஒன்று விடாமல் விளக்கினார். எடுத்தது அக்கா. கடைசியில் அவள் குரல் மட்டும், "டேய் தம்பி, பாத்தியாடா உங்க மாமாவ!" என்று கூப்பிட்டது. நான் அப்போது ஆபீசுக்குப் போகிற மின்சார ரயிலில், ஒரு கையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். மேற்கொண்டு என்னவோ சொன்னாள். ரயில் இரைச்சலில் காதில் விழவில்லை. "சூப்பர் மாமா! கோழிக்கழுத்து அருமை!" என்று முதல் ஆளாக அடியில் எழுதிவிட்டு இறங்கினேன். அன்றைக்கு முழுதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்குப் பிறகுதான் மாமா சேலத்தில் ஒரு ஏஜென்டைப் பிடித்து விண்ணப்பம் போட்டிருக்கிறார். அதையும் எனக்குச் சொல்லவில்லை. காப்புரிமை கையில் வந்ததும் என்னைத் திகைக்க வைக்க வேண்டும் என்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி வைத்துக்கொண்டார்களாம். "இதுக்கு முன்னாடி யாருக்காவது காட்டியிருக்கீங்களா?" என்று ஏஜென்ட் கேட்டிருக்கிறார். "யாருக்கும் காட்டலீங்க" என்று மாமா சொல்லியிருக்கிறார். பொய் இல்லை. சாமியும் சொந்தக்காரனும் அவர் கணக்கில் 'யாரோ' இல்லை. ஆனால் சட்டத்துக்குச் சாமியும் தெரியாது, சம்பந்தியும் தெரியாது. விண்ணப்பம் போடுவதற்கு முன்னால் ஊர் பார்க்கக் காட்டிவிட்டால் அது புதிது இல்லை. காட்டினவன் கண்டுபிடித்தவனே ஆனாலும், அநேகமாக அதே கதிதான்.

எந்த விண்ணப்பம் எந்த ஆய்வாளருக்கு என்பதைக் கம்ப்யூட்டர்தான் பிரித்துக் கொடுக்கும். துறையைப் பார்த்துப் பிரிக்கும், உறவைப் பார்க்காது. ஒருநாள் காலையில் டீயை ஆற்றிக்கொண்டே புதிதாக வந்ததைத் திறந்தால், மாமாவின் பெயர். கீழே அரூர் விலாசம். தலைப்பில் ஃபோகஸ், சாய்வு என்றெல்லாம் இருந்தது. அட கடவுளே! சந்தோஷத்தில் வாய்விட்டுக் கூவப் போனேன். அடுத்த நிமிஷமே அந்த மலை வீடியோ ஞாபகத்துக்கு வந்தது. விண்ணப்பத் தேதியைப் பார்த்தேன். போனை எடுத்து, சத்தத்தை அடைத்துவிட்டு, வீடியோவின் தேதியை மட்டும் பார்த்தேன். வீடியோ முந்தி. மாமாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் மூடிவிட்டேன்.

சொந்தக்காரர் விண்ணப்பத்தை நான் தொடக்கூடாது. உறவு என்று எழுதிக் கொடுத்துத் திருப்பிவிட்டேன். அது பக்கத்து அறையில் இருக்கும் இன்னொரு ஆய்வாளருக்குப் போயிற்று. வீடியோவைப் பற்றி நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு அது கிடைக்காமல் போக வேண்டுமே என்று தீர்த்தமலை சாமிக்கு வேண்டிக்கொண்டேன். இத்தனை வருஷம் அடுத்தவர் விண்ணப்பத்தில் ஓட்டை தேடின நான், ஒருவன் சரியாகத் தேடாமல் விட்டுவிட வேண்டும் என்று வேண்டினது அந்த ஒருமுறைதான். அக்காவிடமும் சொல்லவில்லை. நிலுவையில் இருப்பதைப் பற்றி வெளியே பேசக் கூடாது. பேசினாலும் உடைந்த சட்டி ஒட்டவா போகிறது?

சாமி என்ன செய்யும்? எங்கள் தொழிலில் பழகினவர்கள் முதலில் தேடுவது விண்ணப்பதாரரின் சொந்தப் பெயரைத்தான். ஊர் பெயரையும் ஸ்டுடியோ பெயரையும் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்த வீடியோ. ஆய்வறிக்கை போயிற்று. புதுமை இல்லை, ஏற்கெனவே வெளியிடப்பட்டது. ஆதாரமாக வீடியோ பக்கத்தின் படத்தையும் இணைத்திருந்தார்கள். அந்தப் படத்தில் மாமாவின் சிரித்த முகம், அதற்குக் கீழே முதல் ஆளாக நான். "சூப்பர் மாமா! கோழிக்கழுத்து அருமை!"

அடுத்த பஸ்ஸில் அரூருக்கு ஓடினேன். அக்கா முற்றத்தில் உட்கார்ந்து சுத்தியால் புளி தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வா என்றுகூடச் சொல்லவில்லை. மாமா உள்ளே கட்டிலில் படுத்திருந்தார். பகலில் படுக்கிற மனிதர் இல்லை அவர்.

"நீ சொல்லாம அவங்களுக்கு எப்பிடிடா தெரியும்?" என்றாள் அக்கா, தட்டுகிற கையை நிறுத்தாமல். "எங்க வீடியோவப் பாக்கறது நம்ம சாதி சனம் இருவது முப்பது பேரு. மெட்ராஸ்ல எவன் பாக்கறான்?"

"அக்கா, பேரைப் போட்டுத் தேடினா வரும் அக்கா. அதான் அங்க வேலையே."

"உன் பேருதான்டா இருக்குது அதுல. சாட்சி கணக்கா."

"அது அன்னைக்கே எழுதினது. சந்தோஷத்துல எழுதினேன் அக்கா."

"சரி, இது உன்ற கைக்கு வரவே இல்லியா?"

பொய் சொல்லியிருக்கலாம். இவளிடம் எனக்குப் பொய் வராது. சின்ன வயதிலிருந்தே வராது. "வந்துச்சு. சொந்தக்காரங்கன்னு எழுதிக் குடுத்துட்டேன். அதான் சட்டம்" என்றேன்.

அப்போதுதான் சுத்தியைக் கீழே வைத்தாள். "கைக்கு வந்தத எடுத்து எவன்கிட்டயோ குடுத்துட்டு வந்து என்ற வூட்டு வாசல்ல நிக்கற. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி எடம் குடுக்கலன்னு சொல்லுவாங்க. பூசாரி என்ற கூடப் பொறந்தவனா இருப்பான்னு நெனச்சுப் பாக்கலடா. அந்த மனுசன் நாலு வருசம் தூங்கல. இது வந்தா அரூர்ல ஒரு சின்னப் பட்டறை போடலாம்னு எடம் பாத்து வெச்சிருந்தாரு. போடா. போயி உன் சட்டத்தையே கட்டிட்டு அழு."

உள்ளேயிருந்து மாமா, "உடு புள்ள, அவனை எதுக்குப் பேசற" என்றார். அவள் விடவில்லை. நான் செருப்பை மாட்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மொரப்பூர் தாண்டும்வரை அழுதுகொண்டே வந்தேன். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு பெண், நான் ஏதோ சாவுக்குப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

மாமா அறிக்கைக்குப் பதில் போடவில்லை. கெடு முடிந்து விண்ணப்பம் தானாகச் செத்துப்போயிற்று. அதற்குப் பிறகு அக்கா என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாள்.

பாப்பாவுக்குக் கல்யாணம் நிச்சயமானதே எனக்கு மூன்றாம் ஆள் சொல்லித்தான் தெரியும். தாய்மாமன் வீட்டுக்குப் பாக்கு வெற்றிலையோடு நேரில் வந்து அழைப்பதுதான் முறை. எனக்குப் பத்திரிகை கூரியரில் வந்தது. "போவணுமாங்க?" என்றாள் என் மனைவி. போகாமல்? பட்டம் செய்ய முன்பே கொடுத்திருந்தேன். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, சீர்த்தட்டோடு போய் இறங்கினோம்.

மண்டபத்தில் மாமாவின் ஆட்கள்தான் கேமரா. மேடை ஓரத்தில் ஸ்டாண்டு, அதன்மேல் கோழிக்கழுத்து. அது பாட்டுக்குச் சாய்வதும் நிமிர்வதுமாக இருந்தது. பெரிய திரையில் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. உருப்படியான சாமான்தான். காப்புரிமை கிடைக்காததால் ஒரு பொருள் வேலை செய்யாமல் போய்விடுமா என்ன?

"தாய்மாமன் வாங்க, பட்டம் கட்டணும்" என்று ஐயர் குரல் கொடுத்தார். நான் மேடையின் முதல் படியில் கால் வைத்துவிட்டேன். அக்கா மேலேயிருந்து என்னைத் தாண்டிப் பார்த்து, "அண்ணா, நீ வாண்ணா" என்றாள். அவள் கூப்பிட்டது கம்பைநல்லூரிலிருந்து வந்திருந்த எங்கள் பெரியப்பா மகனை. அவருக்கும் உரிமை உண்டு, அவரும் அவளுக்கு அண்ணன்தான். ஊரில் எவனும் குறை சொல்ல முடியாது. அவர் பாவம், என்னைப் பார்த்துத் தயங்கினார். போங்கண்ணா என்று தலையை ஆட்டினேன். பாப்பா மாலையோடு என்னைப் பார்த்தாள். பிறகு நெற்றியைக் குனிந்து காட்டினாள். அவள் என்ன செய்வாள்?

காலைப் பின்னால் எடுக்கவும் தோன்றாமல் அந்தப் படியிலேயே நின்றேன். படி, கரை, திரை, எல்லாம் படுக்கைக் கோடு. கேமரா கொஞ்சம் முழித்தது. கோழிக்கழுத்து தலையைச் சாய்த்து உற்றுப் பார்த்தது. பெரிய திரையில் என் முகம் வந்து நின்றது, கண்ணில் தளும்பினது உட்பட. மண்டபம் பூராவும் பார்த்தது. அக்காவும் பார்த்தாள். முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு மணவறைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சாப்பிடாமல் கிளம்பின என்னை மாமா வாசலில் வந்து மறித்தார். "சாப்ட்டுட்டுப் போ மச்சான்."

"மாமா, நான் சொல்லல மாமா. சத்தியமா நான் காட்டிக் குடுக்கல."

"எனக்குத் தெரியும்டா. உங்க அக்காவுக்கும் தெரியும்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "காட்டினது நான். மலை மேல நின்னு ஒயர் ஒயரா நாந்தான் காட்டினேன். திட்டுனா என்னையத்தான் திட்டணும். என்னையத் திட்டுனா நான் எந்திரிக்க மாட்டேன்னு பயந்துக்கிட்டு உன்னையத் திட்டறா. யாரையாச்சும் திட்டாம அவளுக்கு ஆறல, மச்சான். நீன்னா தாங்குவேன்னு நெனச்சுட்டா."

நான் பையிலிருந்த பட்டத்தை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "வேண்டாம். நீயே வெச்சுக்க. என்னைக்காச்சும் அவளே கேப்பா" என்றார். பந்திக்குப் போய் இலையில் உட்கார்ந்தேன். என்ன தின்றேன் என்று தெரியாது.

அக்கா கேட்கவில்லை. வருஷம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த நடுவில் ஒரு பெரிய வெளிநாட்டு கேமரா கம்பெனியின் விண்ணப்பம் என்னிடம் வந்தது. ஃபோகஸ் கிடைக்காதபோது கேமராவையோ உள்ளே படம் விழுகிற சென்சாரையோ கொஞ்சம் சாய்த்து, விலகலை அளந்து, பிறகு நேராக்குவது. முதல் உரிமைக் கோரிக்கை அப்படியே கோழிக்கழுத்து. இதற்குக் காப்புரிமை கொடுத்தால், நாளைக்கு மாமா தன் கழுத்தைத் தானே விற்கப் போனாலும் இவர்களிடம் கை கட்டி நிற்க வேண்டும். அது நடக்காமல் தடுக்க உலகத்தில் ஒரே ஆதாரம்தான் எனக்குக் கிடைத்தது. மாமாவின் விண்ணப்பத்தைக் கொன்ற அதே வீடியோ. வீடியோவில் இருப்பது என் மாமா என்பதை மேலதிகாரியிடம் சொன்னேன். "அவர் விண்ணப்பம்தான் முடிந்துவிட்டதே, உங்களுக்கு இதில் ஆதாயம் ஒன்றும் இல்லையே, தாராளமாகக் காட்டுங்கள்" என்றார்.

ஆபீசில் உட்கார்ந்து அதைத் திறந்தேன். சொந்தக்காரர்கள் எழுதினதெல்லாம் அடியில் அப்படியே இருந்தன. என்னுடையது மட்டும் இல்லை. அக்கா அழித்துவிட்டிருந்தாள். சரி, போகட்டும். தமிழில் பேசியதை ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையில் சேர்க்க வேண்டும் என்பதால் சத்தத்தைக் கூட்டி, ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். ரயிலில் காதில் விழாமல் போன கடைசி வாக்கியத்தை அன்றைக்குத்தான் முழுதாகக் கேட்டேன்.

"டேய் தம்பி, பாத்தியாடா உங்க மாமாவ! உன் ஆபீசுல இருக்கறவங்க அத்தன பேருக்கும் இதக் காட்டுடா. எங்க வூட்டுக்காரரு பண்ணுனதுன்னு சொல்லுடா."

என் அறிக்கைக்கு அது தேவையே இல்லை. கண்டுபிடிப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனாலும் ஒரு சொல் விடாமல் பெயர்த்து எழுதினேன். மேலே இருக்கிறவர்கள் வேண்டாமென்றால் கோடு போட்டு அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். யாரும் அடிக்கவில்லை.

அறிக்கை போய்ச் சேர்ந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று ஆன அன்றைக்கு, அக்காவுக்குப் போன் போட்டேன். நீ சொன்ன மாதிரியே ஆபீசுக்குக் காட்டிட்டேன் அக்கா, மாமா பேரைச் சொல்லித்தான் காட்டினேன் என்று சொல்ல வேண்டும். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டேன்.